கேட்டை விட்டுட்டேன்

அந்த அறையில் நடந்த பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. யார் முதலில் பேசினார்கள், யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று பிறகு பலருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததால் அது அப்படியே படிந்துவிட்டது.

ரயில்வே அலுவலகத்தின் இரண்டாவது மாடி. நீள மேசையின் ஒரு முனையில் கேட்டில் நடந்த விபத்தை விசாரிக்கும் அதிகாரி. எதிர்முனையில் கேட் காப்பாளரான அந்த அம்மாள், வெளிர்நீலச் சீருடைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு. நடுவில் மடிக்கணினியோடு அவள். மொழிபெயர்ப்பாளர் வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதிகாரி கேட்பது ஆபீஸ் மொழியில், பதில் வருவது தமிழில். இரண்டையும் கை மாற்றிவிடுவது அவள் பொறுப்பு.

"கேட்ல எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேக்கிறார்."

"பதினோரு வருஷம். இந்த கேட்ல ஏழு."

"அன்னைக்கு எத்தனை மணிக்கு டியூட்டி?"

"ஆறு மணிக்கு. அஞ்சே முக்காலுக்கே போயிட்டேன். எனக்கு முந்தி இருக்கிறவருக்கு விடியக்காலையில கண்ணு சொருகும், அந்தப் பயம்."

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் தயங்கின. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். "கடைசியில சொன்னது வேணாம் தங்கச்சி. அது நம்ம வீட்டுப் பேச்சு."

"பத்தேகால் ட்ரெயின் வந்தப்போ என்ன நடந்துச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்றார்."

"ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு, ட்ரெயின் கிளம்பிடுச்சுன்னு. வெளியே வந்தேன். மணியடிச்சேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். ஒரு வேன் பாதியில நின்னுச்சு, அதைத் தாண்டச் சொன்னேன். ட்ரெயின் வர வேண்டிய நேரத்துக்கு நாலு நிமிஷம் முன்னாடியே கேட்டை விட்டுட்டேன். விட்டுட்டு உள்ள போய் ஸ்டேஷனுக்கு போன் பண்ணேன். அவங்க நம்பர் சொன்னாங்க. எழுதிக்கிட்டு இருக்கும்போதுதான் சத்தம்."

"மோட்டார் சைக்கிள்காரர் வந்ததைப் பாத்தீங்களா?"

"பாக்கலை."

"எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்?"

"பாக்கலைன்னா எப்படிச் சொல்றது? அவர் வண்டி ரொட்டி சிதறிக் கிடந்த பக்கத்தை வச்சு வேணா சொல்லலாம். ஆனா அது ரொட்டி சொல்ற சாட்சி. என்னுது இல்லை."

அதிகாரி நிமிர்ந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். பார்க்கவில்லை என்கிறார் என்று அவள் சுருக்கிச் சொன்னாள்.

இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. விதிப்படி அதைச் சாட்சியின் மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு இன்னொரு கூட்டம் இருந்தது. கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுக்கோ பெரியவர்களைக் காக்க வைத்துப் பழக்கமில்லை.

"நீங்க சொன்னதெல்லாம் இதுல இருக்கு அக்கா," என்றாள்.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்." அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, 'சாட்சிக்கு அவர் மொழியில் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது' என்ற வரியின் அடியில், அவளும் போட்டாள்.

அந்த அம்மாளை ஊரில் எல்லோரும் கேட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். கேட்டில் இருக்கும் அக்கா என்பதால் வந்த பெயர்தான். ஆனால் காத்திருப்பவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தால், "இறங்கி வந்து கேட்டாக்கா நேரம் சொல்லுவேன், ஹாரன்ல கேட்டா எனக்குக் காது கேக்காது" என்று அவர் சொல்லப்போக, பெயர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒட்டிக்கொண்டது. பிறகு பெயர் சொல்லி அழைத்தால் அவரே ஒரு கணம் கழித்துத்தான் திரும்புவாராம்.

கேட்டுக்கு வருவதற்கு முன் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் எட்டு வருஷம் பொத்தான் தைத்தவர். தலைக்கு மேல் எப்போதும் ஒரு சூப்பர்வைசர் நிற்பார். ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்து விண்ணப்பம் போட்டார். நேர்முகத்தில் ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "தனியா இருக்கலாம், யாரும் முதுகுக்குப் பின்னால நிக்க மாட்டாங்க" என்று உள்ளதைச் சொன்னார். எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு நாளில் இருபத்திரண்டு தடவை ரெண்டு பக்கத்துச் சனமும் முகத்துக்கு நேராக நின்று முறைக்கும் என்பது.

கேட் அறை ஒரு கட்டில் போடும் அளவுதான். ஒரு மேசை, சுவரில் பழைய கறுப்புத் தொலைபேசி, பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடிகள், ஒரு பதிவேடு. வெளியே இரும்புத் தூணில் கைப்பிடி. அதைச் சுற்றினால் கம்பி முறுக்கேறித் தண்டவாளத்தின் இருபுறமும் தடைக்கம்பங்கள் மேலே எழும். பூட்டை நெகிழ்த்தினால் கீழே இறங்கும். சிக்னலுக்கும் கேட்டுக்கும் அங்கே தொடர்பு கிடையாது. கேட் மூடாமலே ரயில் வர முடியும். அதனால் மூடினேன் என்று காப்பாளர் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அதை ஒப்புக்கொண்டு ஸ்டேஷனில் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை நேரத்தோடு பதிவேட்டில் எழுதிவிட்டு, கொடியோடு வெளியே வந்து நிற்க வேண்டும். இதுதான் முழு வேலை. பதினோரு வருஷத்தில் கேட்டக்கா இதில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதாகக் குறிப்பு இல்லை.

அவர் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பேருந்தின் வழியிலேயே கேட். அந்த மனுஷனுக்கு இதில் தீராத வருத்தம். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார்.

"இருபத்தேழு பிள்ளைங்க வண்டியில. ஸ்கூல் மணி அடிக்க அஞ்சு நிமிஷம். ட்ரெயின் எங்கயோ இருக்கு, சத்தம்கூட இல்லை. இறங்கிப்போய்க் கொஞ்சம் தூக்கிவிடேன்னேன். இவ என்னை முன்னப்பின்ன பாத்ததே இல்லைங்கிற மாதிரி பாத்துட்டு, 'சார், போய் வண்டியில உக்காருங்க'ங்கிறா."

"சார்னு மரியாதையாத்தானே சொன்னேன்," என்பார் கேட்டக்கா. "வீட்டுல எப்பவாவது சொல்றேனா?"

ரொட்டிக்காரரும் தினம் அந்த கேட்டில் நிற்கிறவர். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தகரப் பெட்டி வைத்துக் கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். "இன்னைக்கு எத்தனை நிமிஷம் கேட்டக்கா?" என்பார். "கேட்டாக்கா அஞ்சு, கேக்காட்டி பத்து" என்று இவர் சொல்வார். விபத்தில் அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தலையில் பட்ட அடியில் அன்றைய காலை முழுவதும் நினைவிலிருந்து அழிந்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பியதுகூட அவருக்கு ஞாபகமில்லை. ரயில் ஓட்டுநர் வளைவு தாண்டிப் பார்த்தபோது வண்டி ஏற்கெனவே தண்டவாளத்தின் மேல் இருந்திருக்கிறது; கேட்டை அவர் கவனிக்கவில்லை, அங்கே வேறு யாரும் நிற்கவுமில்லை. ஆக, அன்று என்ன நடந்தது என்பதற்குக் கேட்டக்கா சொன்ன அந்த இரண்டு பக்கத்தை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் குற்றச்சாட்டுக் கடிதம் தயாரானது. அதைத் தமிழாக்கும் வேலையும் அவளிடமே வந்தது. ரயில் வரும் நேரத்தில் கேட்டை மூடாமல் அவ்விடத்தை விட்டு நீங்கியது ஒன்று. மூடியதாகத் தொலைபேசியில் பொய் சொல்லி எண் வாங்கியது இரண்டு. பதிவேட்டில் பொய் நேரம் எழுதியது மூன்று. தற்காலிகப் பணிநீக்கம்; காவல்துறைக்கும் தகவல். குற்றம் உறுதியானால் வேலையும் போகும், உள்ளேயும் போக நேரும்.

தட்டச்சு செய்யும்போது அவளுக்கு வருத்தமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும். இவ்வளவு நிதானமாகப் பேசிய பெண் ஏன் அப்படி விட்டுப் போனார் என்று நினைத்தாள். பதிவேட்டில் ஒன்றை எழுதிவைத்துவிட்டு வாய்மொழியில் உண்மையைச் சொல்லிவிட்டாரே, பாவம், பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை என்றும் நினைத்தாள்.

கடிதம் கிடைத்த மறுநாள் கேட்டக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சின் மறுகோடியில் நஷ்டஈட்டு மனுவோடு ரொட்டிக்காரரின் மனைவி. முதலில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு மனைவிதான் பேசினார்.

"அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்க. என்னதான் நடந்துச்சு, நீங்க சொல்லுங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."

"நானும் பாக்கலைம்மா," என்றார் கேட்டக்கா. "தினம் நிக்கிறவர். அன்னைக்கு ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பெண் தலையாட்டினார். நம்பினாரா என்று சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளரான அவள் அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்டக்கா எழுந்துகொண்டார். "தங்கச்சி, இதுல நான் கேட்டை விட்டு நீங்கிட்டேன்னு போட்டிருக்கு. நான் எப்ப நீங்கினேன்?"

"நீங்க சொன்னதுதானே அக்கா."

"நான் சொன்னேனா?"

"ஆமா. நான்தானே எழுதினேன்."

வாக்குமூலம் கொடுத்தவர்கள் பிறகு மாற்றிப் பேசுவார்கள், பிடிகொடுக்காதே என்று சேர்ந்த முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அவள் அதைத்தான் செய்தாள். கேட்டக்கா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்கடுத்த வாரம் இடத்தைப் பார்வையிடப் போனார்கள். அதிகாரி, துறையின் வக்கீல், அளவெடுக்க ஒருவர், கேட்டில் இருப்பவரோடு பேச அவள். கேட்டக்காவின் இடத்தில் ஒல்லியான ஒருவர் இருந்தார். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

சாலையை அகலப்படுத்தியபோது தடைக்கம்பத்தை மாற்றவில்லை. அது அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. கம்பம் கீழே இறங்கினாலும் கிழக்குப் பக்கத்தில் நுனிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமாக நுழையும். மண்ணில் சக்கரத் தடம் பளபளவென்று ஓடியிருந்தது. "கேட்டக்கா இங்க பெரிய கல்லா உருட்டிப் போடுவாங்க. மறுநாள் யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க," என்றார் ஒல்லியானவர். "எழுதியும் போட்டாங்க. பதிவேட்டைப் பாருங்க." பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், 'கிழக்குக் கம்பம் எட்டவில்லை' என்று கேட்டக்காவின் நிதானமான எழுத்தில் பதினோரு இடத்தில் இருந்தது. அவள் மொழிபெயர்த்துச் சொல்ல, அதிகாரி எண்ணிப் பார்த்துவிட்டு மூடினார்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஒல்லியானவர் எடுத்துக் கேட்டுவிட்டு வெளியே போனார். மணியடித்தார், இருபுறமும் பார்த்தார், தூணருகே போய்ப் பூட்டை நெகிழ்த்தினார். இரண்டு கம்பங்களும் மெல்ல இறங்கின. உள்ளே வந்து தொலைபேசியை எடுத்தார்.

"விட்டாச்சு சார். ரெண்டு பக்கமும் விட்டாச்சு. நம்பர் சொல்லுங்க."

அறை வாசலில் நின்றிருந்த அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் எண்ணை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"என்ன விட்டீங்க?"

"கேட்டைத்தான்."

"விட்டீங்கன்னா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மேல இழுத்தா இழுக்கிறது. கீழ விட்டா விடுறது. வேற எப்படிம்மா சொல்றது?"

"கேட் போட்டாச்சுன்னு சொல்வாங்களே."

"அது வெளியில நிக்கிற சனங்க சொல்றது. போடுறதுக்கு இது என்ன தாழ்ப்பாளா?" என்று சொல்லிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரயில் கடந்தது. திரும்பும் வழியில் வக்கீல் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் தமிழ் வீட்டுத் தமிழ். பள்ளிக்கூடம் முழுவதும் மற்ற மொழியில். வீட்டில் அந்த ஒரு சொல் எத்தனை வேலை செய்தது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தாள். அப்பா பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து வருவார். மாமா சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே புகை விடுவார். அம்மா தங்கையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள், சேட்டை செய்தால் முதுகில் ரெண்டு விடுவாள், பிறகு போனால் போகிறது என்று விட்டுவிடுவாள். இத்தனையும் தெரிந்தவள்தான். கேட்டக்கா சொன்னபோது கைக்கு முதலில் எட்டிய அர்த்தத்தை எடுத்துப் போட்டுவிட்டாள். 'விட்டுட்டு உள்ள போய்' என்று அடுத்த வாக்கியமும் சேர்ந்துகொண்டதில் சந்தேகமே வரவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, வாசித்துக் காட்டாமலே காட்டியதாகப் போட்ட கையெழுத்து. ஒரு முறை வாசித்திருந்தால் கேட்டக்கா அங்கேயே நிறுத்தியிருப்பார்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் முன் கேட்டக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். ஒரு மருந்துக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. முன்னறையில் தையல் மிஷின், அதன்மேல் மடித்த சட்டைகள். வேலை இல்லாத நாட்களில் பழைய தொழிலுக்குத் திரும்பியிருந்தார். கணவர் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, தப்பு என்னுது. நீங்க கேட்டை விட்டுட்டேன்னு சொன்னீங்க. கீழ இறக்கினேன்னு. நான் கேட்டை விட்டுட்டுப் போயிட்டேன்னு எழுதிட்டேன்."

கேட்டக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து, முடிச்சுப் போட்டு, ஊசியைத் துணியில் குத்தி வைத்த பிறகே நிமிர்ந்தார்.

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை சொல்றேன் அந்த வார்த்தையை. பதினோரு வருஷமா. ஒருத்தர்கூடத் தப்பாப் புரிஞ்சுக்கலை."

"ஒருத்தர் போதுமே," என்றார் கணவர். "ரெண்டு பாஷை படிச்சா ரெண்டும் பாதிப் பாதிதான் வரும்போல."

"நீங்க சும்மா இருங்க. தானா வந்து சொல்லியிருக்கு."

"தானா வராம? வேலை போனது உனக்கு. இந்தப் பொண்ணுக்கு என்ன, மாசம் பொறந்தா சம்பளம் வரும்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"நான் அன்னைக்கு ஆபீஸ்ல வந்து கேட்டேன்ல," என்றார் கேட்டக்கா. "அப்பவும் நான்தான் சொன்னேன்னு சொன்னியே. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசிச்சேன். அப்படிச் சொல்லியிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. உண்மையிலேயே கேட்டை இறக்கினேனா இல்லையான்னு கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அதுதான் எனக்கு ஆறலை, தங்கச்சி."

"நான் எழுதிக் கொடுக்கப் போறேன் அக்கா. வாசிச்சுக் காட்டலைங்கிறதையும் சேர்த்து."

"உன் வேலை போயிடுமா?"

"தெரியலை."

"போனா பொத்தான் தைக்கக் கத்துத் தரேன்," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் கணவர் சிரித்துவிட்டார். பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, உன்னை ஆபீஸ் வழியில இறக்கிவிடுறேன். 'இறக்கி'தான், கவனமாக் கேட்டுக்கோ," என்றார்.

அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து விசாரணை அதிகாரிக்கு முகம் சுருங்கிப்போனது. வக்கீலுக்கோ உற்சாகம் பிறந்தது. கேட் மூடியிருந்தது என்றால், மூடிய கேட்டுக்குள் நுழைந்தவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. துறையின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று மாலையே புதிய வாக்குமூலத்துக்கு நாள் குறித்தார்.

திங்கட்கிழமை கேட்டக்காவும் அவளும் வக்கீலின் அறையில் உட்கார்ந்தார்கள். வக்கீல் நயமாகத்தான் பேசினார். புதிய வாக்குமூலத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்றார். அவள் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"ரொட்டிக்காரர் கம்பத்துக்குப் பக்கத்துல நுழையுறதை நீங்க பாத்தீங்க, நிறுத்தச் சொல்லிக் கத்தினீங்க, அவர் கேக்கலை. இப்படி இருந்தா நல்லா இருக்கும்கிறார்."

"யாருக்கு?"

அவள் அந்தக் கேள்வியையும் மொழிபெயர்த்தாள்.

"உங்களுக்குங்கிறார். ட்ரெயின் கடக்கும்போது நீங்க கொடியோட வெளியே நின்னிருக்கணும். உள்ள எழுதிக்கிட்டு இருந்தேன்னு சொன்னா அதுவும் ஒரு குத்தம். பெரிசு இல்லைன்னாலும் குத்தம். வெளியே நின்னு கத்தினேன்னு சொன்னா, உங்க மேல ஒண்ணுமே இருக்காது. நாளைக்கே டியூட்டிக்குப் போகலாம்."

"அப்ப ரொட்டிக்காரருக்கு?"

"அவர் வழக்கு நிக்காது."

கேட்டக்கா மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ட்ரெயின் கொஞ்சம் சீக்கிரமா வந்துருச்சு. நம்பர் எழுதி முடிச்சிருந்தா வெளியே போயிருப்பேன். போயிருந்தா பாத்திருப்பேன். பாத்திருந்தா கத்தியிருப்பேன்." பிறகு, "சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லு" என்றார்.

முடிந்ததைச் சொல்லிவிடலாம். கேட்டக்கா மேல் இருந்த மூன்று குற்றச்சாட்டும் விலகின. வெளியே கொடியோடு நிற்கவில்லை என்பதற்கு மட்டும் ஒரு வருஷம் பதவி உயர்வு இல்லை என்று தீர்த்தார்கள். வேறு கேட்டுக்கு மாற்றினார்கள். அது பேருந்து வழியில் இல்லை என்பதில் கணவருக்கு மகிழ்ச்சி. நஷ்டஈட்டு வழக்கை விசாரித்தவர் பதிவேட்டின் அந்தப் பதினோரு வரிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூடிய கேட்டைச் சுற்றி வந்தாரா, வேறு எப்படி வந்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அங்கே வழி இருந்தது துறைக்குத் தெரியும் என்று எழுதி, ரொட்டிக்காரர் கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுக்கச் சொன்னார். கிழக்குக் கம்பம் நீளமாயிற்று. ரொட்டிக்காரர் இப்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். மொழிபெயர்ப்பாளருக்கு எழுத்தில் ஒரு கண்டனமும், நான்கு மாதம் பழைய கோப்புகளை அடுக்கும் வேலையும் கிடைத்தன.

அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டக்கா சாப்பிடப் போகவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தார். அவளும் மடிக்கணினியோடு பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். மேலும் கீழும் போகிறவர்களுக்கு இருவரும் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள்.

"அவர் அப்படித்தான் நுழைஞ்சிருப்பார்னு உனக்குத் தோணுதா?" என்றார் கேட்டக்கா.

"எனக்குத் தெரியாது அக்கா."

"எனக்குத் தோணுது. தோணுறது வேற." சட்டைப் பையிலிருந்து குற்றச்சாட்டுக் கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். "நான் செய்யாததைச் செஞ்சேன்னு ஒரு தாள்ல எழுதிட்டாங்க. அதைப் படிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு அன்னைக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லை. நான் எதை எழுதிக் கொடுத்தாலும் அவர் அதைத்தான் நம்பணும். நான் செஞ்சேனோ செஞ்சேனோன்னு கால் இல்லாம படுத்துக்கிட்டு யோசிப்பார்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"கேட்டைக் கீழ இறக்கினேன்னு எழுது. மணியடிச்சேன்னு எழுது. உள்ள போனேன், நம்பர் எழுதினேன், வெளியே வரலை. வரலைங்கிறதையும் மறைக்காம எழுது."

"அவர் கேட்ட வரி?"

"அது வேணாம்." கேட்டக்கா திரையைப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். சுட்டுவிரலை அதன் மேற்பகுதியில், வெற்றாக இருந்த இடத்தில் வைத்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கிறேன் தங்கச்சி. ரொட்டிக்காரர் எப்படி வந்தார்னு நான் பாக்கலை. அதை எங்கயோ கடைசியில கொண்டுபோய்ப் போட்டுடாதே. இங்கயே, முதல் வரியிலயே எழுதிடு."